மரத்தடியில் உட்கார வைத்தவனை மைதானத்துக்கு அழைப்போம்!

(மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுக்காகவும் உடற்பயிற்சிக்காகவும் ஆயுள் முழுவதும் உழைத்தவர்களைப் பாராட்டி மதுரை கே.கே. நகரில் நடைபெற்ற கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை இங்கே தரப்படுகிறது.)



பாராட்டுக் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். பாராட்டிப் பேசுவது சுலபமான காரியம். சால்வையைப் போர்த்தி, நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி, ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இந்த விஷயத்தில் பிறரைப் பாராட்டுவதற்கு முன்னால் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுயவிமர்சனம் என்று நம் இயக்கம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறதே, அதை இன்று இந்த மேடையிலேயே செய்துவிடுகிறேன்.

செருப்புக்குக் காவல்

முப்பது வருஷத்துக்கு மேல் நான் உடற்கல்வி ஆசிரியனாக வேலை பார்த்தேன். ஊர் ஜனங்கள் எங்களை "ட்ரில் வாத்தியார்" என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கி வலது கால் சூம்பிப் போயிருந்தது. முழங்காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நடப்பான். அப்பா மூட்டை தூக்குகிறவர். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள்.

வாரத்துக்கு இரண்டு பீரியட் விளையாட்டு. மற்றப் பையன்கள் செருப்பையும் சட்டையையும் கழற்றி வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடுவார்கள். "நீ இங்கே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொள்ளடா" என்று இந்தப் பையனிடம் சொல்வேன். அதை ஒரு கருணை என்றே அப்போது நினைத்தேன். வெயிலில் அவன் கஷ்டப்படவேண்டாம், நிழலில் இருக்கட்டும் என்ற எண்ணம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, ஐந்து வருஷம், அவன் கற்ற உடற்கல்வி செருப்புக்குக் காவல் இருந்ததுதான்.

பல வருஷம் கழித்து அவனைக் கடைத்தெருவில் பார்த்தேன். சொந்தமாகத் தையல் மிஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சுவாக்கில் சொன்னான்: "சார், நாப்பது ஜோடிச் செருப்பு. எது யாரு செருப்புன்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன் சார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்புறம் சொன்னான்: "ஒரு தடவை பந்து உருண்டு என்கிட்ட வந்துச்சு. எடுத்து எறிஞ்சேன். அந்தக் கடைசிக் கம்பம் வரைக்கும் போயி விழுந்துச்சு. 'நல்லா எறியுறியேடா'ன்னீங்க. அடுத்த வாரம் கூப்பிடுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன் சார்."

நான் கூப்பிடவில்லை, தோழர்களே. கூப்பிட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அவனுடைய கால் எனக்குத் தெரிந்தது, கை தெரியவில்லை.

மதுரைக்கு வந்த பதக்கம்

2006-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. மதுரையைச் சேர்ந்த ஜெ. ரஞ்சித்குமார் அதில் வட்டு எறிந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். எந்தப் பிரிவில் தெரியுமா? உட்கார்ந்துகொண்டே வட்டு எறியும் பிரிவில்! பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு வேப்பமரத்தடிப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். அவனும் உட்கார்ந்துதான் இருந்தான். அவன் கையில் ஒரு வட்டைக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

இந்த உட்கார்ந்து எறியும் விளையாட்டுக்கு என்ன வேண்டும்? ஓர் இரும்பு நாற்காலி. உயரம் 75 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்பிரிங் போன்ற அசையும் உறுப்பு எதுவும் அதில் இருக்கக் கூடாது. தரையில் அடித்த முளைகளோடு அதை இறுக்கிக் கட்டிவிட வேண்டும். எறிகிறவரைப் பட்டை போட்டு நாற்காலியோடு பிணைக்க வேண்டும். பயிற்சிக்கு இவ்வளவு போதும். நம் ஊர் வெல்டிங் பட்டறையில் ஒரு நாளில் செய்து கொடுத்துவிடுவார்கள். நம்மிடம் இரும்பு இருந்தது, பட்டறை இருந்தது, பையனும் இருந்தான். இப்படி ஒரு விளையாட்டு உண்டு என்ற அறிவை மட்டும் எங்கள் பயிற்சிக் கல்லூரியில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

2020-ஆம் ஆண்டு ரஞ்சித்குமாருக்குத் தியான்சந்த் விருது கிடைத்தது. ஆடிய காலத்தில் சாதித்ததோடு நில்லாமல், பின்னாலும் விளையாட்டின் வளர்ச்சிக்காக உழைப்பவர்களுக்குத் தரப்பட்ட வாழ்நாள் விருது அது. மதுரை மக்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் ஜல்லிக்கட்டில் மாடு பிடித்தவரைத் தெரிந்த அளவுக்கு இவரை நமக்குத் தெரியுமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

அரை நூற்றாண்டுத் தாமதம்

தியான்சந்த் விருதை நிறுத்திவிட்டு, 2024-ஆம் ஆண்டுக்கான விருதுகளிலிருந்து அர்ஜுனா வாழ்நாள் விருது என்று அதற்குப் பதிலாக வைத்தார்கள். அதை முதலில் பெற்ற இருவரில் ஒருவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர்.

பேட்கர் யார்? ராணுவத்தில் இருந்த சாதாரணச் சிப்பாய். குத்துச்சண்டை வீரர். 1965 யுத்தத்தில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உடம்பு தேறுவதற்காக நீந்தத் தொடங்கியவர், 1972-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் 37.33 விநாடியில் வந்து தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 2018-இல்தான் பத்மஸ்ரீ வந்தது. அர்ஜுனா வாழ்நாள் விருது 2025 ஜனவரியில் கைக்கு வந்தது. தங்கம் வாங்கி 52 ஆண்டுகள் ஓடிவிட்டன!

வாழ்நாள் விருது என்கிறார்கள். வாழ்நாள் முடியப்போகும் நேரத்தில் கொடுப்பதுதான் வாழ்நாள் விருதா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த அங்கீகாரம் 1973-லேயே கிடைத்திருந்தால், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அவர் படம் மாட்டப்பட்டிருந்தால், 1980-களில் வேப்பமரத்தடியில் ஒரு பையனை உட்கார வைத்த எனக்கு உறைத்திருக்காதா? அந்தத் தாமதத்தால் நஷ்டப்பட்டவர் பேட்கர் ஒருவர் மட்டுமா? ஒரு தலைமுறைக் குழந்தைகளே நஷ்டப்பட்டார்கள்.

சுரங்கத் தொழிலாளியிடமிருந்து தொடங்கியது

இந்த இயக்கம் உலகத்தில் எப்படிப் பிறந்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1917-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரி. லூத்விக் குட்மன் என்ற யூத வாலிபர் அங்கே ஊழியராகச் சேர்ந்திருந்தார். முதுகெலும்பு முறிந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். நல்ல கட்டுமஸ்தான ஆள். "இவனைப் பற்றி எழுதி வைத்து என்ன பிரயோஜனம், சில வாரத்தில் போய்விடுவான்" என்கிற தோரணையில்தான் டாக்டர்கள் பேசினார்கள். அப்படியே ஐந்து வாரத்தில் அந்தத் தொழிலாளி மாண்டுபோனார். அந்த மரணத்தைக் குட்மன் மறக்கவேயில்லை.

பிறகு அவர் பெரிய நரம்பியல் மருத்துவரானார். ஹிட்லரின் ஆட்சி வந்தது. உடல் ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் "சோற்றுக்குத் தண்டம்" என்று சொல்லி, விஷவாயு அறைகளில் அடைத்து, 1941 ஆகஸ்டுக்குள் 70 ஆயிரம் பேருக்கு மேல் கொன்று தீர்த்த ஆட்சி அது. உழைத்து லாபம் தராத உடம்புக்கு உயிர் வாழ உரிமை இல்லை என்பதுதான் பாசிசத்தின் கணக்கு. குட்மன் 1939-இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் தப்பினார். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில், யுத்தத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான பகுதியை ஏற்று நடத்தினார்.

அங்கே என்ன செய்தார்? படுக்கைப் புண் வராமலிருக்க, இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்தார். அடுத்து விளையாட வைத்தார். 1948 ஜூலை 29 அன்று லண்டனில் ஒலிம்பிக் போட்டி ஆரம்பமாயிற்று. அதே நாளில் தன் ஆஸ்பத்திரிப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 16 பேர் கலந்துகொண்டார்கள். அதில் இரண்டு பெண்களும் உண்டு. 1960-இல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் வந்தார்கள். அதுவே முதல் பாராலிம்பிக் ஆயிற்று.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அதே 1948 ஜூலை மாதம் 5-ஆம் தேதிதான், காசு வாங்காமல் எல்லோருக்கும் வைத்தியம் என்ற தேசிய சுகாதாரத் திட்டம் பிரிட்டனில் அமலுக்கு வந்தது. தொழிலாளி வர்க்கம் நெருக்கிப் பெற்ற உரிமை அது. பொது ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் அந்த மைதானமும் முளைத்தது.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துத் தவறையும் மறைக்கக் கூடாது. 1980-இல் மாஸ்கோவில் ஒலிம்பிக் நடந்தபோது, பாராலிம்பிக்கை நடத்த சோவியத் யூனியன் முன்வரவில்லை. அது ஹாலந்தின் ஆர்ன்ஹெம் நகரில் நடந்தது. கோடைக்காலப் பாராலிம்பிக்கில் 1988-இல் சியோல் போட்டிக்குத்தான் சோவியத் வீரர்கள் வந்தார்கள். சோஷலிச நாடாக இருந்தாலும், கண்ணில் படாதவர்களை எண்ணாமல் விட்டால் தவறு தவறுதான். நம் சங்கங்களிலும் அந்தத் தவறு உண்டா இல்லையா என்று பார்த்துக்கொள்வோம்.

விதியை மாற்றினால் விளையாடலாம்

"கால் இல்லாதவன் எப்படி சார் விளையாடுவான்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டத்தின் விதியை ஆண்டவனா எழுதி வைத்தான்? மனிதன் எழுதியது, மனிதன் மாற்றலாம்.

கைப்பந்து ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். உட்கார்ந்து ஆடும் கைப்பந்தில் அதை 1.15 மீட்டருக்கு இறக்கிவிடுகிறார்கள். 18 மீட்டர் நீள ஆடுகளம் 10 மீட்டராகச் சுருங்குகிறது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். பார்வையற்றோருக்கென்று 1946-இல் யுத்தத்தில் கண்ணிழந்த வீரர்களை மனதில் வைத்து உருவான கோல்பால் என்ற ஆட்டத்தில், பந்துக்குள்ளே மணி இருக்கும். கோட்டின் அடியில் கயிறு ஓடும், தடவிப் பார்த்து இடத்தை அறிந்துகொள்ளலாம். பார்க்க வந்தவர்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். காது கேளாத பிள்ளைக்கு விசில் பயன்படாது. விசிலை ஊதும்போதே ஒரு சிவப்புக் கொடியையும் ஆட்டினால் தீர்ந்தது.

மதுரையின் மகள் ஜெர்லின் அனிகாவை நினைத்துப் பாருங்கள். காது கேளாத பெண். நம் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர். 2022 மே மாதம் பிரேசில் நாட்டில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டத்தில் மூன்று தங்கம் வென்றார். அந்த ஆண்டே அர்ஜுனா விருதும் பெற்றார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாய் காய்கறி விற்று வளர்த்தார். உயரம் தாண்டுவதில் 2016-இல் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிசில் வெண்கலம். இந்தப் பையனைத் தாண்டச் சொல்லி ஊக்குவித்தவர் யார்? அவர் படித்த பள்ளிக்கூடத்தின் உடற்கல்வி ஆசிரியர்! என்னைப் போன்ற ஒரு ட்ரில் வாத்தியார். நான் மரத்தடியைக் காட்டினேன். அவர் குறுக்குக் கம்பியைக் காட்டினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், பதக்கம் வாங்கியவர்களோடு சேர்த்து, பதக்கமே வாங்காத, பத்திரிகையில் பெயரே வராத அந்த ஆசிரியர்களையும் இன்று நாம் வணங்க வேண்டும். காது கேளாதோர் பள்ளிகளிலும், பார்வையற்றோர் பள்ளிகளிலும், சிறப்புப் பயிற்சி மையங்களிலும் குறைந்த சம்பளத்துக்கு ஆயுளைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்!

தர்மம் வேண்டாம், சட்டத்தை அமல்படுத்து!

தோழர்களே, 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற தமிழ்நாட்டு வீரர்கள் நால்வருக்கு மாநில அரசு 5 கோடி ரூபாய் பரிசளித்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். இவர்களில் பெரும்பாலோர் யார் வீட்டுப் பிள்ளைகள்? கூலி வேலை செய்கிறவர், விவசாயத் தொழிலாளி, கட்டிடத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். பட்டாசு ஆலை விபத்தில் கையை இழந்தவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர், நூற்பாலையில் விரலைக் கொடுத்தவர் எல்லாம் நம் வர்க்கம்தானே? இது ஏதோ ஒரு சிலருடைய பிரச்னை என்று ஒதுக்கிவைக்க நமக்கு உரிமை இல்லை.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. அதன் 30-ஆவது பிரிவு விளையாட்டைப் பற்றியே பேசுகிறது. அவர்கள் விளையாட்டில் பங்கெடுக்கத் தக்கவாறு பாடத்திட்டத்தையும் மைதானத்தையும் திருத்தி அமைக்க வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், போட்டிகள் நடத்த வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதிக்கிறது. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை, பள்ளிக்கூடத்தில் விளையாடும் உரிமை மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் சமமாக உண்டு என்கிறது.

சட்டப் புத்தகத்தில் இருப்பது மைதானத்துக்கு வந்ததா? ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் விளையாட்டுச் சாமான் வாங்க, ஆரம்பப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை என்று வைத்திருக்கிறார்கள். அதிலே ஒரு மணிப்பந்து வாங்கலாம். இறக்கிக் கட்டும் வலை ஒன்று வாங்கலாம். எறிவதற்கு நாற்காலி செய்யலாம். வாங்கச் சொல்லி உத்தரவு போட ஓர் அதிகாரியின் ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் அந்தத் திட்டத்தின் கீழ் 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயையே, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்களின் சம்பளமும் இந்தத் திட்டத்திலிருந்துதான் வருகிறது. டில்லியில் கையெழுத்துச் சண்டை, இங்கே பிள்ளையின் வயிற்றில் அடி!

நாம் செய்யவேண்டியது

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற உடற்பயிற்சியைக் கட்டாயப் பாடமாக்கி, மைதானத்தில் செய்துகாட்டும் தேர்வும் வைக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பள்ளி மைதானத்திலாவது சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் அமைக்க வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் போட்டியை, கடைசியில் ஒப்புக்கு வைக்கும் வழக்கத்தை விட்டு, நிகழ்ச்சி நிரலின் நடுவிலே வைக்க வேண்டும். விருது கொடுப்பதென்றால், ஆள் கண்ணும் காதும் நன்றாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடியாது. ஆசிரியர் சங்கத் தோழர்களே, நீங்கள் நாளைக் காலையே ஒரு காரியம் செய்யலாம். அதற்கு உத்தரவு வேண்டாம், நிதி வேண்டாம். விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்று பாருங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவனுக்கு எது முடியும் என்று அவனையே கேளுங்கள். வாலிபர் சங்கத் தோழர்களே, கே.கே. நகரிலும், அண்ணா நகரிலும், வண்டியூரிலும் நீங்கள் போட்டி நடத்துகிறீர்கள். அடுத்த போட்டியில் உட்கார்ந்து ஆடும் கைப்பந்து ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக நடக்கிற வாலிபர்களும் தரையில் உட்கார்ந்து அவர்களோடு ஆடிப் பாருங்கள். அப்போது யார் கை தேர்ந்த கை என்று தெரியும்!

கடைசியாக ஒன்று. அந்தத் தையல்காரத் தம்பியிடம் அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், விடுங்க" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "என் மக ஸ்கூல்ல ஒரு பொண்ணு இருக்கு சார், ரெண்டு காலும் வராது. விளையாட்டுப் பீரியட்ல கிளாஸ்லயே உக்காந்திருக்காம். நீங்க ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?" என்று கேட்டான்.

தனக்கென்று அவன் ஒன்றும் கேட்கவில்லை, தோழர்களே. அடுத்த பிள்ளைக்காகக் கேட்டான். நான் போய்ச் சொன்னேன். என் ஒருவன் வாயால் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்ல முடியும். எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் சொல்வதற்கு இயக்கம் வேண்டும். ஆயுள் முழுவதும் உழைத்த இந்தப் பெருமக்களுக்கு நாம் போடும் சால்வை நாளைக்கு மடித்துப் பெட்டிக்குள் போய்விடும். மரத்தடியில் ஒரு பிள்ளையும் உட்கார்ந்திராத ஒரு மைதானத்தை அவர்கள் கண் முன்னே காட்டுவோம். அதற்காகச் சேர்ந்து உழைப்போம் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறேன்.